மூன்று மணி இருபத்திரண்டு நிமிடம்

சாந்த்ராகாச்சி
2 செப்டம்பர் 2023

அன்புள்ள ஜெய்ராமுக்கு,

அக்கா தமயந்தி எழுதிக்கொள்வது. இந்தப் பெங்கால் மழைக்கு முழங்கால் வழக்கம்போலப் பிடித்துக்கொண்டிருக்கிறது. சர்க்கரை அளவோடு இருக்கிறது. கண்ணாடி மாற்றியாயிற்று. அங்கே நீயும் மகேஸ்வரியும் எப்படி இருக்கிறீர்கள்?

“உன் குரலைக் கேட்டாலே எரிச்சல் வருது, சொல்றதுக்கு ஏதாவது இருந்தா எழுதி அனுப்பு” என்று அம்மாவின் காரியம் முடிந்த மறுநாள் நீ போனில் சொல்லி மூன்று வருடம் ஆகிறது. அன்றிலிருந்து எழுதித்தான் அனுப்புகிறேன். சொன்ன பேச்சுக் கேட்கிற இப்படி ஓர் அக்கா யாருக்குக் கிடைப்பாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கோயம்புத்தூர் போகும்போது நீ இங்கே விட்டுப்போன லேப்டாப் இன்னும் ஓடுகிறது. நீயே எழுதி, என்னைக் கிண்டல் செய்ய ‘வாயாடி’ என்று பெயர் வைத்தாயே, அந்த ரெக்கார்டிங் புரோகிராமும் இருக்கிறது. சுபிக்ஷா புவனேஸ்வர் ஹாஸ்டலுக்குப் போனதிலிருந்து ஒடியாவும் பெங்காலியும் இங்கிலீஷும்தான் பேசுகிறாள். பெற்ற மகள் காதில் நாலு வார்த்தை தமிழ் விழட்டும் என்று, ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை ஓடவிட்டுவிட்டு, சமைத்துக்கொண்டே அவளிடம் பேசுவதுபோல் பேசி வைக்கிறேன்.

மூன்று ஞாயிறு ஆயிற்று. மூன்று தடவையும் மூன்று மணி இருபத்திரண்டு நிமிடத்தில் தானே மூடிக்கொண்டது. அப்புறம் அந்த ஃபைலைத் திறந்தால் பூஜ்யம் நிமிடம் என்று காட்டுகிறது. இது என்ன வியாதி என்று எழுது. டிசம்பருக்குள் எனக்கு இது சரியாக வேண்டும்.

இப்படிக்கு,
தமயந்தி

---

கோயம்புத்தூர்
24 செப்டம்பர் 2023

அக்காவுக்கு,

இங்கே நலம். மகேஸ்வரிக்கு ஒற்றைத் தலைவலி வந்து வந்து போகிறது. முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்காதே, டாக்டரைப் பார். உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. ஆபீசில் தலைக்கு மேல் வேலை.

வியாதி உன்னிடமோ லேப்டாப்பிடமோ இல்லை, என்னிடம்தான். உன் ரயில்வே பார்சல் ஆபீஸ் ரிஜிஸ்டரில் வரிசை எண் எழுத நாலு கட்டம்தான் அச்சடித்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள். 9999 வரை எழுதுவாய். அடுத்த பார்சல் வந்தால் எழுத இடம் இல்லை. ‘வாயாடி’யும் ஃபைலில் எவ்வளவு தூரம் வந்தோம் என்று எண்ணிக்கொண்டே போகும். அந்த எண்ணிக்கைக்கு நான் ஒதுக்கிய இடம் இரண்டு ஜி.பி. வரைதான் தாங்கும். நம் பதிவுக்கு அது மூன்று மணி இருபத்திரண்டு நிமிடம். அப்போது எனக்குத் தெரியும். ஒரு ஆள் ஒரே மூச்சில் அவ்வளவு நேரம் பேசுவாளா என்று விட்டுவிட்டேன். உன்னை மறந்துபோனேன்.

பழைய ஃபைல்களை அழித்துவிடாதே. பேச்சு உள்ளே இருக்கிறது. முகப்பில் நீளம் எழுதுவதற்குள் புரோகிராம் செத்துப்போவதால் பூஜ்யம் காட்டுகிறது, அவ்வளவுதான்.

சுலபமான வழி, மூன்று மணி ஆனதும் நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பி. இல்லாவிட்டால் போனிலேயே பதிவு செய். டிசம்பருக்குள் என்ன அவசரம்?

அன்புடன்,
ஜெய்ராம்

---

சாந்த்ராகாச்சி
2 அக்டோபர் 2023

அன்புள்ள ஜெய்ராமுக்கு,

மழை விடவில்லை. காலும் அப்படியேதான் இருக்கிறது. மகேஸ்வரியை வெயிலில் அலைய வேண்டாம் என்று சொல்.

நீ பத்து நாள் கழித்துப் பதில் எழுதினாய். அதற்குள் மூன்று ஃபைலையும் அழித்துவிட்டேன். லேப்டாப்பில் இடம் இல்லை, பூஜ்யத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய? போனது போகட்டும்.

போனில் பதிவு செய்யச் சொல்கிறாய். ஞாயிற்றுக்கிழமையும் பார்சல் ஆபீசிலிருந்து பத்துத் தடவை கூப்பிடுவார்கள், மீன் கூடை எங்கே, பைக் எங்கே என்று. மூன்று மணிக்கு ஒருதரம் நிறுத்தி ஆரம்பி என்கிறாய். நிறுத்தி ஆரம்பித்தால் எனக்குப் பேச்சு வராது. மேடையில் நிற்பதுபோல் ஆகிவிடும். ஓடுவது மறந்துபோய்ப் பேசினால்தான் அது என் பேச்சு. உனக்குத் தெரியும்.

ஆகையால் நீ ரிஜிஸ்டரில் கட்டத்தைப் பெரிதாக்கித் தா. எப்படிச் செய்ய வேண்டும் என்று படிப்படியாக எழுது, நானே செய்கிறேன். பார்சல் ஆபீசில் கம்ப்யூட்டர் வந்தபோது முதலில் கற்றுக்கொண்டவள் நான்தான்.

ஜூனிலிருந்து தொண்டை கட்டிக்கொண்டிருக்கிறது. போர்ட்டர்களிடம் கத்திக் கத்தி என்று நினைத்தேன். ஒரு டாக்டர் பார்க்கிறார். அதை விடு. நீ எழுதுவதை எழுது.

இப்படிக்கு,
தமயந்தி

---

கோயம்புத்தூர்
5 நவம்பர் 2023

அக்காவுக்கு,

ஒரு மாதம் தாமதம். திட்டுவதாக இருந்தால் முதல் பாராவிலேயே திட்டி முடித்துவிடு. இங்கே அனைவரும் சௌக்கியம். அங்கே துர்கா பூஜைப் பந்தல் சத்தமெல்லாம் ஓய்ந்திருக்கும். தீபாவளிக்குச் சுபிக்ஷா வருகிறாளா? தொண்டைக்கு வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளி.

புரோகிராமை ஒட்டுப்போட முடியாது. நான் எழுதிய சோர்ஸ் கோட் அந்த லேப்டாப்பிலேயே ஒரு ஃபோல்டரில் இருக்கிறது. அதிலிருந்து புரோகிராமை மறுபடி முழுதாக உருவாக்க வேண்டும், அதற்குக் கம்பைல் என்று பெயர். அப்படிச் செய்யும்போது எண்ணிக்கைக்குப் பெரிய கட்டம் போடு என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். கோடில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம்.

இத்துடன் தனித்தாளில் ஆறு வரி அச்சடித்து வைத்திருக்கிறேன். வரிசையாக அப்படியே அடி. மூன்றாவது வரியில் 64 என்று முடிவதுதான் பெரிய கட்டம். ஆறாவது வரி அடித்ததும் திரையில் என்னென்னவோ ஓடும். எரர் என்று வராமல் நின்றால் வேலை முடிந்தது.

அன்புடன்,
ஜெய்ராம்

---

சாந்த்ராகாச்சி
13 நவம்பர் 2023

அன்புள்ள ஜெய்ராமுக்கு,

நேற்றுத் தீபாவளி. சுபிக்ஷாவுக்குப் பரீட்சை, வரவில்லை. எதிர் குவார்ட்டர்ஸ் ரத்னா காக்கிமா வீட்டில் சாப்பிட்டேன். முழங்கால் பரவாயில்லை. உனக்குச் சர்க்கரை பார்த்தாயா? நம் வீட்டு ரத்தம், நாற்பதுக்குள் பார்த்துவிடு.

திட்டவில்லை. நேரம் இல்லை.

ஆறு வரியும் அடித்தேன். ஆறாவது வரியில் நின்றுவிட்டது. என்ன சொன்னது என்று முழுவதும் பார்த்து எழுதி இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன். இரண்டு பக்கம். எனக்குப் புரிந்தவரை, சத்தத்துக்கான ஏதோ ஒரு ஃபைலைத் தேடியிருக்கிறது, கிடைக்கவில்லை.

டிசம்பர் 12 செவ்வாய்க்கிழமை எனக்குத் தொண்டையில் ஒரு சின்ன ஆபரேஷன். கட்டிபோல ஏதோ இருக்கிறதாம், எடுத்துவிடுவார்கள். அதற்கு முன்னால் இது முடிய வேண்டும். இந்தத் தடவை மாதக் கணக்கில் வைத்துக்கொள்ளாதே.

இப்படிக்கு,
தமயந்தி

---

கோயம்புத்தூர்
20 நவம்பர் 2023

அக்காவுக்கு,

நலம். சர்க்கரை பார்த்தேன், இன்னும் இல்லை. ஆபரேஷன் என்றதும் மகேஸ்வரி பயந்துவிட்டாள். கட்டி எடுப்பதெல்லாம் இப்போது ஒரு நாள் வேலை என்று சொன்னேன். தைரியமாக இரு. போன் செய்யலாமா என்று யோசித்தேன். நீ ஆபீசில் இருப்பாய்.

நீ பார்த்து எழுதிய இரண்டு பக்கத்தில் ஒரு புள்ளிகூடத் தப்பில்லை. எங்கள் ஆபீசில் பத்து வருடம் வேலை செய்பவர்கள்கூட எரரை இப்படி எழுதி அனுப்புவதில்லை, ‘ஓடலை’ என்று ஒரு வார்த்தை வரும். அது கேட்கும் ஃபைல் இந்தப் பென் டிரைவில் இருக்கிறது. அதை எங்கே போட வேண்டும் என்று சின்னத் தாளில் இருக்கிறது. போட்டுவிட்டு அதே ஆறு வரியை மறுபடி அடி. முடிந்ததும் ஒரு நாள் முழுக்கச் சும்மா ஓடவிட்டுச் சோதித்துப் பார்.

அன்புடன்,
ஜெய்ராம்

---

சாந்த்ராகாச்சி
1 டிசம்பர் 2023

அன்புள்ள ஜெய்ராமுக்கு,

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. உடம்பு அப்படியேதான்.

கம்பைல் ஆகிவிட்டது. திரையில் வரிகள் தடதடவென்று ஓடின. எரர் என்ற சொல் எங்கும் இல்லை. உடனே டெஸ்க்டாப்பில் ‘வாயாடி’ படத்தை அழுத்தித் திறந்து ஐந்து நிமிடம் பேசினேன், பதிவானது. எனக்கே பெருமையாக இருந்தது. ரத்னா காக்கிமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். “தமயந்தி, துமி தோ எஞ்சினியர் ஹோயே கேச்சோ” என்றாள், நான் எஞ்சினியரே ஆகிவிட்டேனாம்.

நாள் முழுக்கச் சோதிக்கச் சொல்லியிருந்தாய். நான் டியூட்டிக்குப் போகும்போது அதைத் தனியாக ஓடவிட மாட்டேன், மின்சாரம் போனால் பேட்டரி பத்து நிமிடம்கூடத் தாங்காது. பேசிச் சோதிக்கவும் முடியாது. பேச்சைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். ஆபீசிலும் சீட்டு எழுதிக் காட்டுகிறேன், போர்ட்டர்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள். எல்லாவற்றையும் பத்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமைக்குச் சேர்த்து வைத்திருக்கிறேன். அன்று காலை எட்டிலிருந்து மதியம் இரண்டு வரை. ஆறு மணி நேரம். நீ கட்டத்தைப் பெரிதாக்கிவிட்டாயே, பயம் இல்லை.

மகேஸ்வரியைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
தமயந்தி

---

சாந்த்ராகாச்சி
11 டிசம்பர் 2023

ஜெய்,

மறுபடியும் மூன்று மணி இருபத்திரண்டு நிமிடத்தில் நின்றுவிட்டது. நான் கவனிக்கவில்லை. இரண்டு மணி வரை பேசி முடித்துவிட்டுத்தான் பார்த்தேன். பதினொன்றேகாலுக்கு மேல் ஒன்றும் இல்லை.

உன்மேல் வருத்தம் இல்லை. ஆறு வரியும் சரியாகத்தான் அடித்தேன். வேண்டுமானால் தாளைத் திருப்பி அனுப்புகிறேன், ஒவ்வொரு வரிக்கும் டிக் போட்டிருக்கிறேன். இந்தத் தடவை ஃபைலை அழிக்கவில்லை.

நாளைக்கு ஆபரேஷன். இன்று சாயங்காலம் அட்மிட் ஆகவேண்டும். சுபிக்ஷா வந்துவிட்டாள். நீ சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

தமயந்தி

---

கோயம்புத்தூர்
19 டிசம்பர் 2023

அக்காவுக்கு,

இதற்குள் வீட்டுக்கு வந்திருப்பாய். கொஞ்ச நாள் கஞ்சியாகவே குடி, காரம் சேர்க்காதே.

கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். பிறகுதான் உன் போன கடிதத்தில் டெஸ்க்டாப் படத்தை அழுத்தினேன் என்று எழுதியிருந்தது கண்ணில் பட்டது. தப்பு என்னுடையது. நான் ஆறு வரி கொடுத்தேன், ஏழு கொடுத்திருக்க வேண்டும். கம்பைல் செய்தால் புதுப் புரோகிராம் அந்த ஃபோல்டருக்குள்ளேயே கிடக்கும். அதைப் பழையதன் இடத்தில் கொண்டுபோய் வைக்க இன்னொரு வரி அடிக்க வேண்டும். நாங்கள் எப்போதும் ஃபோல்டருக்குள் நின்றே ஓட்டிப் பார்ப்பவர்கள், அதனால் அந்த வரி என் கைக்கு வரவே இல்லை. படத்தை அழுத்தினால் பழையதுதான் திறக்கும். அந்தப் படத்தை அங்கே வைத்தவனும் நான்தான்.

ஏழாவது வரி இந்தத் தாளின் பின்பக்கம் இருக்கிறது. காயம் ஆறியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மறுபடி பேசிவிடு. உனக்கா பேச்சுக்குப் பஞ்சம்.

அன்புடன்,
ஜெய்ராம்

---

சாந்த்ராகாச்சி
26 டிசம்பர் 2023

மாமா,

நான் சுபிக்ஷா. எனக்குத் தமிழ் எழுத அவ்வளவா வராது, பேசுற மாதிரியே எழுதுறேன், தப்பு இருந்தா கோச்சுக்காதீங்க. போன் பண்றேன்னு சொன்னேன். அம்மா லெட்டர்தான் எழுதணும்னு எழுதிக் காட்டினா. உங்க ரெண்டு பேர் ரூல் எனக்குப் புரியல.

உங்க லெட்டரை நான்தான் முதல்ல படிச்சேன். அம்மாகிட்ட ஒரு நாள் கழிச்சுத்தான் குடுத்தேன்.

மாமா, அது சின்ன ஆபரேஷன் இல்ல. கேன்சர். ஆகஸ்ட்லயே தெரியும். குரல்வளை முழுசா எடுத்துட்டாங்க. கழுத்துல ஒரு ஓட்டை இருக்கு, அது வழியாத்தான் மூச்சு விடுறா. டாக்டர் நோய் எல்லாம் எடுத்தாச்சு, பயம் இல்லன்னு சொல்றார். கொஞ்ச மாசம் போனா ஒரு கருவி வெச்சுப் பேசலாமாம். ஆனா அது அம்மா குரல் இல்ல. அம்மா குரல் இனிமே இல்ல.

எனக்கே டிசம்பர் மூணாம் தேதி, ஞாயித்துக்கிழமை வந்துட்டுப் போனப்பதான் சொன்னா. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு அவ தலைமேல என் கையை வெச்சு சத்தியம் வாங்கினா. இப்ப அந்த சத்தியத்தை உடைச்சுட்டேன்.

அந்த ஃபைல் நீங்க அனுப்பின பென் டிரைவ்லயே இருக்கு, இந்தக் கவர்ல வெச்சிருக்கேன். எனக்கு அது பூஜ்யம்னு காட்டுது. உங்களுக்குத் திறக்கத் தெரியும்னு அம்மா சொன்னா. திறந்து குடுங்க மாமா.

ஜனவரி கடைசி வரைக்கும் யாரும் பார்க்க வர வேணாம்னு எழுதிக் காட்டுறா. கழுத்தைத் துணி போட்டு மூடப் பழகணுமாம்.

சுபிக்ஷா

---

கோயம்புத்தூர்
6 ஜனவரி 2024

அக்கா,

எப்படி இருக்கிறாய் என்று எழுதிவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உன் ஒவ்வொரு கடிதத்திலும் முழங்கால், சர்க்கரை, கண்ணாடி எல்லாம் இருந்தது. நானும் வரிக்கு வரி பதில் எழுதினேன். தொண்டைக்கு உப்பு வெந்நீர் எழுதினேன்.

ஃபைலைத் திறந்துவிட்டேன். முகப்பில் நாற்பத்து நாலு பைட்தான் எழுத வேண்டியிருந்தது. சுபிக்ஷாவுக்கு ஒரு பிரதி இன்று அனுப்புகிறேன். நான் நாலு தடவை கேட்டேன். குரல் கரகரவென்று இருக்கிறது, இருந்தாலும் நீதான். புளி கரைக்கிறாய், சாந்த்ராகாச்சிப் புளி கறுப்பு, அளவைப் பாதியாக்கு என்கிறாய். ஜன்னல் வழியாக ரத்னா காக்கிமாவை அதட்டுகிறாய். ஷண்டிங் எஞ்சின் ஊதும்போதெல்லாம் நிறுத்தி, “ஊதி முடி, நான் இருக்கேன்” என்கிறாய். சரியாக மூன்று மணி இருபத்திரண்டாவது நிமிடம், “சரி, இப்ப உன் மாமனுக்கு வருவோம். அவன் இருக்கானே” என்கிறாய். அதோடு முடிந்துவிடுகிறது.

செப்டம்பரில் பத்து நாள் வைத்துக்கொண்டேன். அந்த மூன்று பதிவும் போயிற்று. அக்டோபர் முழுக்க வைத்துக்கொண்டேன். பிறகு ஒரு வரியை மறந்தேன். நீ கேட்டது ஆறு மணி நேரம். அதற்கு நான்கு மாதமும் போதவில்லை எனக்கு.

அன்று போனில் சொன்னது பொய், அக்கா. எரிச்சல் உன் குரல்மேல் இல்லை. அம்மா போகும்போது பக்கத்தில் நீ இருந்தாய், நான் இல்லை. உன் குரல் கேட்கும்போதெல்லாம் அதுதான் ஞாபகம் வந்தது. மன்னித்துவிடு.

ஜனவரி 27-க்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். அதற்கு முன்னால் போன் செய்யக் கை போகிறது, செய்து யார் பேசுவார்கள் என்று வைத்துவிடுகிறேன். என்னைப் பற்றி என்ன சொன்னாய் என்று மட்டும் எழுது. திட்டாக இருந்தாலும் பரவாயில்லை.

ஜெய்ராம்

---

சாந்த்ராகாச்சி
13 ஜனவரி 2024

அன்புள்ள ஜெய்ராமுக்கு,

தையல் பிரித்தாயிற்று. முழங்கால்கூட இப்போது பரவாயில்லை, ஒரு மாதமாகப் படுத்திருந்ததால் இருக்கும். மகேஸ்வரிக்குத் தலைவலி எப்படி இருக்கிறது?

சுபிக்ஷா என் தலைமேல் கை வைத்துச் சத்தியம் செய்துவிட்டு உடைத்தாள். அவளிடம் இரண்டு நாள் பேசவில்லை. அது பேசாமல் இருந்ததுதானா என்று அவளுக்குத் தெரியவும் இல்லை.

ஏழாவது வரியை அடித்தேன். போன ஞாயிறு காலை எட்டு மணிக்கு ‘வாயாடி’யை ஓடவிட்டேன். இரண்டு மணிக்குப் போய்ப் பார்த்தேன், ஓடிக்கொண்டிருந்தது. மூன்றரை ஜி.பி.க்கு மேல். நீ செய்தது நல்ல வேலை. முழுவதும் கேட்டேன். குக்கர் இருக்கிறது, ஷண்டிங் எஞ்சின் இருக்கிறது, சுபிக்ஷா பெங்காலியில் யாரிடமோ போனில் சிரிக்கிறாள், காக்கிமா வந்து போகிறாள். ஆறு மணி நேரமும் நான் அங்கேதான் இருந்தேன். அதில் நான் இல்லை.

டிசம்பர் பத்தாம் தேதி மத்தியானம் உன்னைப் பற்றி என்ன சொன்னேன் என்று கேட்கிறாய். இரண்டரை மணி நேரம் பேசினேன், அத்தனையையும் கையால் எழுத முடியுமா? எழுதினால் நீ பார்த்துக்கொண்டே இருப்பாய், அது உனக்கு நல்லதல்ல. மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். அது நீ கேட்பதற்கு முன்பே, பத்தாம் தேதி பன்னிரண்டரை மணிக்கே முடிந்துபோன விஷயம். அதை நீ என் குரலில் காதால் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. வருத்தம் அந்த ஒன்றுதான்.

27-ஆம் தேதி வா. அதற்கு முன்னால், 21 ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குப் போன் செய். நீ பேசு. ஆபீஸ், மகேஸ்வரி, என்ன சாப்பிட்டாய், எதுவானாலும் சரி. ஆமாம் என்றால் நகத்தால் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு. நடுவில் குறுக்கிட மாட்டேன். மூன்று மணி நேரத்துக்கு மேலும் பேசலாம்.

நான் எடுத்ததும் ஒன்றும் கேட்காது. லைன் போய்விட்டது என்று வைத்துவிடாதே. நான்தான்.

இப்படிக்கு,
உன் அக்கா தமயந்தி